சிலிண்டர் மேல் அந்த ஒற்றை எழுத்து... கவனித்திருக்கிறீர்களா?

மாலை நேரத்தில் ஒரகடம் வழியாகப் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம். புத்தம்புது கார்களை அடுக்கி ஏற்றிய நீளமான லாரிகள் சாலையோரம் வரிசையாக நிற்கும். லோடு ஏற்றவோ, ‘பில்’ வாங்கவோ மணிக்கணக்கில் காத்திருக்கும் டிரைவர்கள், லாரி நிழலிலேயே அடுப்பு மூட்டிவிடுவார்கள். ஒரு சின்ன சிலிண்டர், அதன் தலையிலேயே ஒரு பர்னர், அதன் மேல் ஒரு குக்கர். அவ்வளவுதான் சமையலறை!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை சுற்றுவட்டாரக் கிராமங்களில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்களில் பலருக்கும் இந்தக் குட்டி சிலிண்டர்தான் சோறு போடுகிறது. கேஸ் கனெக்‌ஷன் வாங்க முகவரிச் சான்று வேண்டுமே... நாலு பேர் சேர்ந்து தங்கும் அறைக்கு எந்த முகவரியைக் காட்டுவது? அதனால் கடையில் ஒரு சின்ன சிலிண்டரை வாங்கி, தீர்ந்தால் தெருமுனையில் ‘கிலோ கணக்கில்’ ரொப்பிக்கொள்கிறார்கள்.

ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மதுரை சொன்ன பாடம்

2023 ஆகஸ்ட் 26. விடிவதற்கு முன், மதுரை ரயில் நிலையத்தையொட்டி ஒரு சுற்றுலா ரயில் பெட்டி நிறுத்தப்பட்டிருந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு யாத்திரை வந்தவர்கள் அதில் இருந்தார்கள். விதியை மீறி பெட்டிக்குள் கொண்டுவரப்பட்டிருந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்தது. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அதிகாலையில் ஒரு டீ போடும் ஆசை, இத்தனை பெரிய சோகத்தில் முடிந்தது.

ரயிலில் கேஸ் சிலிண்டர் கொண்டுபோவது ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ரயில் பெட்டி, லாரி கேபின், கேம்பர் வேன், பத்துக்குப் பத்து அறை... இடம் எதுவானாலும் ஆபத்துக்கான காரணம் ஒன்றுதான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தரையாகப் படர்ந்து நிற்கும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்கள் அறைக்குள் சிலிண்டரை வைத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதை இனி சொல்லவே வேண்டாம்.

ரொப்பினால் என்ன தப்பு?

வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரில் 33.3 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆனால், அதில் திரவ கேஸ் சுமார் 26 லிட்டர்தான் இருக்கும். மிச்ச இடம் காலியாக விடப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. வெயிலில் சூடானால் திரவம் விரியும். அதற்கு இடம் வேண்டும். பாட்லிங் பிளான்ட்டில் எடை போட்டு நிரப்புவதால் இந்த அளவு தப்பாது.

தெருமுனையில் பெரிய சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு டியூபைச் செருகி ரொப்பும்போது இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ‘இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா’ என்று கழுத்துவரை ரொப்பிய சிலிண்டர், சித்திரை வெயிலில் லாரி மேல் கிடந்தால் உள்ளே அழுத்தம் எகிறும். ரொப்பும்போதே கேஸ் கசியும். பக்கத்தில் ஒரு பீடி போதும். வீட்டு உபயோக சிலிண்டரிலிருந்து இப்படி மாற்றுவது சட்டப்படியும் குற்றம். போதாததற்கு, இந்தக் குட்டி சிலிண்டர்களில் பல ஐ.எஸ்.ஐ முத்திரையே இல்லாதவை. அவற்றை யாரும், எப்போதும் பரிசோதிப்பதில்லை.

ஏ, பி, சி, டி... என்ன கணக்கு?

அப்படியானால் முறையான சிலிண்டரை யார் பரிசோதிக்கிறார்கள்? வெளிநாடுகளில் கேம்பர் வேனில் ஊர் சுற்றுபவர்கள் புரொப்பேன் சிலிண்டரைச் சொந்தமாக வைத்திருப்பார்கள். கெடு முடிந்தால் அவர்களே கொண்டுபோய்ப் பரிசோதித்துச் சான்று வாங்க வேண்டும். நம் வீட்டு சிலிண்டர் நமக்குச் சொந்தமில்லை. நாம் கட்டியது டெபாசிட்தான். அதனால் பரிசோதிக்கும் பொறுப்பு எண்ணெய் நிறுவனத்துடையது. புது சிலிண்டருக்கு முதலில் 10 ஆண்டுகளிலும், பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பரிசோதனை நடக்க வேண்டும். உள்ளே தண்ணீரை நிரப்பி, அழுத்தம் கொடுத்து, தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். தேறாதவை கழிக்கப்படும்.

அடுத்த பரிசோதனை எப்போது என்பதை நாமும் தெரிந்துகொள்ளலாம். சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் இரும்புப் பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். ‘ஏ’ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. ‘பி’ ஏப்ரல் முதல் ஜூன். ‘சி’ ஜூலை முதல் செப்டம்பர். ‘டி’ அக்டோபர் முதல் டிசம்பர். எண்கள், ஆண்டைக் குறிக்கும். ‘சி-29’ என்றிருந்தால், 2029 செப்டம்பருக்குள் அந்த சிலிண்டர் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சுற்றுவதுபோல இது ‘எக்ஸ்பயரி தேதி’ அல்ல. அந்தத் தேதி வந்ததும் சிலிண்டர் வெடித்துவிடாது, கேஸும் கெட்டுப்போகாது. ஆனால், தேதி தாண்டிய சிலிண்டரை நிரப்பி அனுப்பக் கூடாது. அப்படி வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

அடையாள அட்டை போதும்!

முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. 2013-லிருந்தே 5 கிலோ சிலிண்டர் வெளிச்சந்தையில் விற்கப்படுகிறது. இண்டேனில் இதன் பெயர் ‘சோட்டு’, ஹெச்.பி-யில் ‘அப்பு’, பாரத் கேஸில் ‘மினி’. முகவரிச் சான்று வேண்டாம். ஓர் அடையாள அட்டை இருந்தால் போதும். கேஸ் ஏஜென்சியிலும், சில பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கும். மானியம் கிடையாது, சந்தை விலைதான். தீர்ந்ததும் ரொப்பத் தேவையில்லை. காலி சிலிண்டரைக் கொடுத்து நிரப்பியதை வாங்கிக்கொள்ளலாம். ஒரகடத்தில் வாங்கியதை, ஊர் திரும்பும் வழியில் அதே நிறுவனத்தின் இன்னொரு விற்பனை மையத்திலும் மாற்றலாம். வாங்கிய ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

இதை மறக்காதீர்கள்

* சிலிண்டர் வாங்கும்போது சீல், தேதி எழுத்து, எடை மூன்றையும் பாருங்கள். சிலிண்டரில் எழுதியிருக்கும் வெற்று எடையோடு கேஸின் எடையைக் கூட்டினால், மொத்த எடை வர வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்லலாம்.

* சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் திரவமாகவே வெளியேறும். வண்டிக்குள் சமைக்காதீர்கள்.

* ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள ரப்பர் டியூபை மட்டும் வாங்குங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்; விரிசல் தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

* கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

* கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்த பிறகு 1906-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் உதவி கிடைக்கும்.

உங்கள் வீட்டு மாடியிலோ, பக்கத்து லைன் வீட்டிலோ வெளியூர்ப் பிள்ளைகள் குடியிருக்கிறார்களா? அடுத்த முறை பார்க்கும்போது ‘அடையாள அட்டை போதும் தம்பி, ஏஜென்சியிலேயே வாங்கிக்கோ’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கோ ஓர் ஊரில் அவர்களுக்காகக் காத்திருக்கும் ஓர் அம்மாவுக்கு, நீங்கள் செய்யும் பெரிய உதவி அது!