கான்கிரீட்டில் விரிசல் மாதிரியாக்கம்

விரிசல் மாதிரியாக்கம் என்பது ஒரு திண்மப் பொருளில் விரிசல் எங்கே தோன்றும், எத்திசையில் வளரும், எவ்வளவு சுமையில் பொருளை முறிக்கும் என்பவற்றைக் கணித முறையில் முன்கூட்டியே கணிப்பதாகும். கான்கிரீட்டின் இழுவிசை வலிமை அதன் அமுக்க வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. எனவே கான்கிரீட் கட்டமைப்புகளில் விரிசல் விழுவது இயல்பு. அது ஓரிடத்தில் நின்றுவிடுமா, தொடர்ந்து வளருமா என்பதை அறியவே இம்மாதிரிகள் பயன்படுகின்றன.

வலிமையும் ஆற்றலும்

பொருளில் உள்ள துளையின் முனை கூர்மையாக ஆக, அங்கே தகைவு பெருகுகிறது என்று 1913-இல் சார்லஸ் இங்கிலிஸ் காட்டினார். இதன்படி, முற்றிலும் கூரிய விரிசலின் முனையில் தகைவு முடிவிலியாகிவிடும். மிகச் சிறிய சுமையே பொருளை உடைத்துவிட வேண்டும். நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை.

இச்சிக்கலுக்கு ஆலன் கிரிஃபித் 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் விடை கண்டார். விரிசல் நீளும்போது பொருளில் சேமிக்கப்பட்டிருந்த மீள்திறன் ஆற்றல் விடுபடுகிறது. புதிய பரப்புகள் உருவாக ஆற்றல் செலவாகிறது. விடுபடும் ஆற்றல் இச்செலவை ஈடுசெய்யும்போது மட்டுமே விரிசல் வளரும். இதன்படி, விரிசலின் நீளம் நான்கு மடங்கானால், அதை வளர்க்கத் தேவையான தகைவு பாதியாகக் குறையும்.

கான்கிரீட்டின் தனித்தன்மை

கிரிஃபித் ஆராய்ந்த கண்ணாடி போன்றதன்று கான்கிரீட். அதில் முதன்மை விரிசலுக்கு முன்னால் நுண்விரிசல்கள் நிறைந்த ஒரு பகுதி உருவாகிறது. அங்கே ஜல்லித் துண்டுகள் விரிசலின் இரு பக்கங்களையும் இணைத்துப் பிடித்திருப்பதால், விரிசல் திறந்த பின்னரும் ஓரளவு விசை கடத்தப்படுகிறது.

இதனை விளக்க 1976-இல் ஆர்னே ஹில்லர்போர்க் குழுவினர் கற்பனை விரிசல் மாதிரியை முன்வைத்தனர். இம்மாதிரியில், விரிசல் அகல அகல அதன் குறுக்கே கடத்தப்படும் தகைவு படிப்படியாகக் குறைந்து சுழியாகிறது. ஒரு சதுர மீட்டர் விரிசல் முழுமையாகத் திறக்கச் செலவாகும் ஆற்றல் முறிவு ஆற்றல் எனப்படும். சாதாரண கான்கிரீட்டில் இது ஏறத்தாழ 100 ஜூல் ஆகும்.

கணினி முறைகள்

முடிவுறு உறுப்பு முறையில் கட்டமைப்பு சிறு உறுப்புகளாகப் பிரித்துக் கணக்கிடப்படுகிறது. விரிசலை இரண்டு வகையில் இதில் சேர்க்கலாம்.

தனி விரிசல் முறை: உறுப்புகளுக்கு இடையே விரிசல் உண்மையான பிளவாகக் காட்டப்படுகிறது.

பரவல் விரிசல் முறை: விரிசல் தனிக் கோடாகக் காட்டப்படுவதில்லை, அது விழுந்த உறுப்பின் விறைப்பு குறைக்கப்படுகிறது.

இரண்டாவது முறை எளியது. ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. உறுப்புகளைச் சிறிதாக்கும்போது முறிவுக்குச் செலவாகும் ஆற்றலும் குறைந்து, இறுதியில் சுழியை நெருங்குகிறது. அதாவது, விடை பொருளின் தன்மையைச் சாராமல் கணக்கிடுபவர் தேர்ந்த உறுப்பு அளவைச் சார்ந்துவிடுகிறது. ஸ்டெனெக் பசான்ட், ஓ ஆகியோர் 1983-இல் வெளியிட்ட விரிசல் பட்டைக் கோட்பாடு, உறுப்பின் அகலத்திற்கேற்ப தகைவு–திரிபு வளைகோட்டைத் திருத்தி, முறிவு ஆற்றல் மாறாமல் பார்த்துக்கொள்கிறது.

அளவு விளைவு

ஒரே வடிவமும் ஒரே கலவையும் கொண்ட இரு உத்திரங்களில், பெரியது சிறியதைவிடக் குறைந்த தகைவிலேயே முறியக்கூடும். பெரிய கட்டமைப்பில் சேமிக்கப்படும் ஆற்றல் மிகுதி என்பதே இதற்குக் காரணம். ஆய்வகத்தின் சிறு உத்திரத்தில் அளந்த வலிமையை மாபெரும் அணைக்கு அப்படியே பொருத்த முடியாது.

கொய்னா அணை

மகாராட்டிரத்திலுள்ள கொய்னா அணை 103 மீட்டர் உயரமுடையது. 1967 டிசம்பர் 11 அதிகாலையில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அதன் மேற்பகுதியில் கிடைமட்ட விரிசல்கள் விழுந்தன. அணையின் பின்புறச் சரிவு மாறும் இடத்திற்கு அருகில், ஏறத்தாழ 66 மீட்டர் உயரத்தில் அவை அமைந்திருந்தன. சரிவு திடீரென மாறும் இடத்தில் தகைவு குவிவதே இதற்கு முதன்மைக் காரணம். அணை இடியவில்லை, பின்னர் வலுப்படுத்தப்பட்டது.

உண்மையான விரிசல்களின் இடம் பதிவாகியிருப்பதால், புதிய விரிசல் மாதிரிகளைச் சோதிக்க உலகெங்கும் ஆய்வாளர்கள் இந்த அணையைப் பயன்படுத்துகின்றனர். கணிக்கப்பட்ட விரிசல் அந்தச் சரிவு மாற்றத்தின் அருகே தோன்றுகிறதா என்பதே அவர்கள் முதலில் சரிபார்ப்பது.