சீரியம்: லைட்டர் கல் முதல் எல்இடி வரை

லைட்டரின் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டியதும் பொறி பறக்கிறது. சக்கரம் சுரண்டுவது லைட்டர் கல்லை. அதன் முக்கியச் சேர்மானம் சீரியம் என்ற அருமண் உலோகம். கத்தியால் சீவிவிடக்கூடிய அளவுக்கு மென்மையானது. காற்றுப் பட்டால் பளபளப்பு மங்கிவிடும். துகளாகச் சுரண்டினாலோ, உரசலில் எழும் சூட்டிலேயே தீப்பற்றிக்கொள்ளும். பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய செம்பு அளவுக்கு இது கிடக்கிறது.

1803-இல் சுவீடனில் பெர்சீலியசும் ஹிசிங்கரும், ஜெர்மனியில் கிளாப்ரோத்தும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். வீட்டுக்குள் கொண்டுவந்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக். பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டும் மேண்டில் அவர் தந்தது. தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு என்று 1891-இல் அவர் பிடித்த விகிதம்தான் கண்ணைப் பறிக்கும் அந்த வெள்ளொளிக்குக் காரணம். தோரியத்துக்காக மோனசைட் மணலைப் பிரித்தபோது சீரியம் குவியலாக மிஞ்சியது. அதில் இரும்பைக் கலந்து 1903-இல் அவர் செய்ததே லைட்டர் கல். அந்தச் சிறு துண்டு உயிரும் காத்திருக்கிறது: நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் கைதியாக இருந்த இத்தாலிய வேதியியலாளர் பிரீமோ லெவி, ஆய்வுக்கூடத்தில் திருடிய சீரியக் கலவைத் தண்டுகளை லைட்டர் கல்லாக்கி ரொட்டிக்கு மாற்றினார்.

மேண்டிலுக்காக உலகம் மோனசைட் தேடிய காலத்தில், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னைநார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டார். ஆண்டு 1909. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் பிரிக்கும் தொழில் தொடங்கியது அப்படித்தான்.

சீரியத்தின் பெரிய திறமை, ஆக்சிஜனோடு அது நடத்தும் கொடுக்கல் வாங்கல். அதன் அணு மூன்று எலக்ட்ரான்களையும் இழக்கும், நான்கையும் இழக்கும். இரண்டு நிலைக்கும் இடையே எளிதாகப் போய்வரும். கார்களின் புகைபோக்கிக் குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம் வகை உலோகங்களுக்குத் துணையாகச் சீரியம் ஆக்சைடு இருப்பது இதனால்தான். புகையில் ஆக்சிஜன் மிகும்போது வாங்கி வைத்துக்கொள்ளும், குறையும்போது விட்டுக்கொடுக்கும். நச்சான கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாக மாற அந்த ஆக்சிஜன் உதவுகிறது.

கேமரா லென்சுகளுக்கும் கைப்பேசித் திரைகளுக்கும் மெருகேற்றுவது இதே ஆக்சைடின் தூள். கண்ணாடியை வெறுமனே தேய்ப்பதோடு நில்லாமல், அதன் மேற்பரப்போடு வேதிவினையும் புரிவதால் கீறலின்றி வழவழப்பாகிறது.

அணைத்துவைத்த எல்இடியிலும், கைப்பேசி ஃபிளாஷிலும் ஒரு மஞ்சள் பூச்சு தெரியும். யிட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற படிகத்தில் சீரியத்தைத் துளியளவு சேர்த்த பொருள் அது. எல்இடி சில்லு உமிழ்வது நீல ஒளி மட்டுமே. அதில் ஒரு பகுதியைச் சீரியம் உள்வாங்கி மஞ்சளாக வெளியிடுகிறது. மிஞ்சிய நீலமும் இந்த மஞ்சளும் கலந்துதான் அறைக்குள் வெள்ளையாகத் தெரிகிறது.