போக்குவரத்துத் தொழிலும் சலனப்படமும்

தொழில்களுட் பெரும்பாலானவை தாம் ஆக்கிய பொருளைக் கையிலெடுத்துக் காட்டும் வாய்ப்புடையன. நெசவாளன் ஆடையைக் காட்டுவான். தச்சன் கட்டிலைக் காட்டுவான். போக்குவரத்துத் தொழிலோ அத்தகையதன்று. ஓரூரிற் புறப்பட்ட மூட்டை மற்றோரூரைப் பழுதின்றிச் சேர்ந்துவிட்டால், இடையிலே அதனைச் சுமந்தார் உழைப்பிற்கு அடையாளம் ஒன்றும் எஞ்சுவதில்லை. சேராதபோதன்றோ அவர்களை நாம் நினைக்கின்றோம்! கடிதம் எழுதுவோன் தபாற்பெட்டியை அறிவான். பெறுவோன் தபாற்காரனை அறிவான். இவ்விருவர்க்கும் நடுவே இரவெல்லாம் கண்விழித்தவரை இருவருமே அறியார். இவ்விடைவெளியைக் கண்ணுக்குப் புலப்படுத்துதற்குச் சலனப்படம் எவ்வாறு உதவிற்று என்பதனை, இத்துறையில் நெடுங்காலம் உழைத்த பிரிட்டிஷ் தேசத்தாரின் படங்கள் சிலவற்றைக்கொண்டு விளக்கப் புகுகின்றோம். இந்நாளில் இதனை வீடியோ என்று வழங்குகின்றனர். கருவி மாறியதேயன்றிக் காரியம் மாறவில்லை.

பிரிட்டிஷ் தபால் இலாகா 1933-ஆம் ஆண்டில் தனக்கெனச் சலனப்படப் பகுதியொன்றை ஏற்படுத்திக்கொண்டது. அதற்குத் தலைவராயிருந்தவர் ஜான் கிரியர்ஸன் என்பார். கற்பனைக் கதைகளை விடுத்து, உள்ள உலகத்தையும் அதில் உழைக்கும் மக்களையும் படமாக்கவேண்டும் என்னும் கொள்கையுடையவர் அவர். அப்பகுதியார் 1936-இல் வெளியிட்ட 'நைட் மெயில்', அதாவது 'இரவுத் தபால்' என்னும் படமே இத்துறையிலுள்ள படங்களுக்கெல்லாம் முன்னோடியாக மதிக்கப்படுகின்றது. ஹாரி வாட், பேஸில் ரைட் என்னும் இருவர் அதனை இயக்கினர். அஃது ஓடும் நேரம் அரைமணிக்கும் குறைவே.

லண்டன் யூஸ்டன் நிலையத்தினின்று இரவு எட்டரை மணிக்குப் புறப்பட்டு ஸ்காட்லாந்துக்குச் சென்ற தபால் வண்டியே படத்தின் பொருள். அவ்வண்டியிற் பிரயாணிகள் இல்லை. தபால் ஊழியர் நாற்பதின்மர் இருந்தனர். ஓடுகின்ற வண்டிக்குள்ளேயே அவர்கள் ஓரிரவில் ஐந்து லட்சம் கடிதங்களைக் கையாண்டனர் எனப் படம் கூறுகின்றது. வண்டி நில்லாத ஊர்களிலும் தபாலை ஏற்றவும் இறக்கவும் வேண்டுமன்றோ? அதற்கு ஓர் உபாயம் இருந்தது. தபாற்பைகளைத் தடித்த தோலுறையிற் கட்டி, பாதையோரத்துக் கம்பத்தில் தொங்கவிடுவர். வண்டியின் பக்கத்தினின்று நீட்டப்பட்ட வலை, முழுவேகத்திற் செல்லுகையிலேயே அதனைப் பறித்துக்கொள்ளும். அவ்வாறே வண்டியினின்று தொங்கவிடப்பட்ட பையைத் தரையிலுள்ள வலை ஏற்றுக்கொள்ளும். ஒரு கணம் முந்தினும் பிந்தினும் பை போயிற்று. கை நீட்டினவனுடைய கையும் போயிற்று. இருளிற் கம்பம் எங்கே வரும் என்று எவ்வாறறிவது? படத்தில் ஒரு பழகிய ஊழியர் புதியவனுக்கு அதனைக் கற்பிக்கின்றார்: இரண்டு பாலங்களைக் கடந்தபின், தண்டவாள இணைப்புகளிற் சக்கரம் எழுப்பும் ஓசையை நாற்பத்தைந்து வரை எண்ணவேண்டும். இந்த ஒரு காட்சி போதும், அப்படம் ஏன் நிலைத்தது என்பதை அறிதற்கு. இலாகாவின் பெருமையைப் பேசும் நூறு பிரசங்கங்கள் செய்யமாட்டாத காரியத்தை, எண்ணிக்கொண்டு நிற்கும் அம்மனிதனுடைய முகம் செய்துவிடுகின்றது.

இப்படத்தைப்பற்றி மாணவர் அறியத்தக்க செய்தி இன்னும் ஒன்றுண்டு. கடிதம் பிரிக்கும் வண்டியின் உட்புறக் காட்சிகள் ஓடும் வண்டியில் எடுக்கப்பட்டனவல்ல. படநிலையத்தில் வண்டிப்பெட்டி போன்ற அமைப்பொன்றைச் செய்து, மெய்யான தபால் ஊழியரையே அதில் நிறுத்தி, வண்டி ஆடுவதுபோல உடம்பை அசைத்துக்கொண்டு வேலைசெய்யும்படி சொல்லிப் படம் பிடித்தனர். இது பொய்யன்றோ என்று சிலர் கேட்கலாம். அன்றென்பதே எமது கருத்து. வேலை அவர்களுடையது, கையும் பழக்கமும் அவர்களுடையன. வெளிச்சத்தின் பொருட்டும் இடவசதியின் பொருட்டும் பெட்டிமட்டுமே மாற்றப்பட்டது. படத்தின் இறுதியில் வண்டியோட்டத்தின் தாளத்திற்கு இசையப் பாடலொன்று ஒலிக்கின்றது. அதனை இயற்றியவர் டபிள்யூ. எச். ஆடன் என்னும் ஆங்கிலப் புலவர். இசையமைத்தவர் பெஞ்ஜமின் பிரிட்டன். பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற இவ்விருவரும் அன்று இருபதுகளிலிருந்த இளைஞர்கள். பாதையோரத்து வலைகள் 1971-இல் நின்றுபோயின. கடிதம் பிரிக்கும் வண்டிகளும் 2004-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஓய்வுபெற்றன. அவ்வேலையை இன்று காணவேண்டுவோர் அப்படத்திற்றான் காணவேண்டும்.

பேஸில் ரைட் இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1934-இல், 'ஸாங் ஆஃப் ஸிலோன்' என்னும் படத்தை இலங்கையில் எடுத்திருந்தார் என்பது நம்மவர்க்கு உவப்பளிக்கும் செய்தியாகும். தேயிலை விளம்பரத்தின் பொருட்டே அப்படம் தொடங்கப்பட்டது. அதன் மூன்றாம் பகுதியில் கண்முன்னே தோன்றுவது தீவின் உழைப்பு. காதில் விழுவதோ தொலைதூரத்து வியாபாரிகளின் விலைப்பேச்சும் கப்பற் செய்தியும். படமும் குரலும் வெவ்வேறு உலகத்தைச் சேர்ந்தன. சரக்கு என்பது இவ்விரண்டு உலகங்களையும் பிணைக்கும் கயிறு என்பதனை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

இரண்டாம் உலகப்போருக்குப்பின், 1948-இல், பிரிட்டனிலிருந்த ரெயில்வேக்களும் வேறு பல போக்குவரத்துச் சாதனங்களும் பொதுவுடைமையாக்கப்பட்டு ஒரே ஆணைக்குழுவின்கீழ் வந்தன. அடுத்த ஆண்டில் அக்குழுவிற்கென 'பிரிட்டிஷ் டிரான்ஸ்போர்ட் ஃபிலிம்ஸ்' என்னும் படப்பகுதி தோன்றிற்று. கிரியர்ஸனிடம் பயின்ற எட்கர் ஆன்ஸ்டி அதன் தலைமையை ஏற்றார். கடற்கரைக்கும் மலைநாட்டிற்கும் பிரயாணிகளை அழைக்கும் அழகிய படங்கள் பல அங்கே உண்டாயின. அவற்றை இங்கே விரித்துரைக்கவேண்டுவதில்லை; அழைப்பிதழ் எத்துணை அழகாயினும் அழைப்பிதழே.

எமது மனத்தைக் கவர்ந்தவை வேறு. 1955-ஆம் ஆண்டு பெப்ருவரியில் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள மேட்டுநிலத்தில் ஒரு கூட்ஸ் வண்டி பனிக்குவியலில் அகப்பட்டு அசையமாட்டாது நின்றது. படக்குழுவினர் உடனே அங்குச் சென்றனர். 'ஸ்னோட்ரிஃப்ட் அட் பிளெய்த் கில்' என்னும் அச்சிறு படத்தில் நாம் காண்பது, மண்வாரிகொண்டு பனியை வெட்டியெறியும் தொழிலாளரையும், உறைந்துபோன எஞ்சினின் உறுப்புக்களைத் தீப்பந்தத்தால் இளக்குவோரையுமே. பேச்சு மிகுதியில்லை, வீரவுரை ஒன்றுமில்லை. அவ்விருப்புப்பாதை 1962-இல் மூடப்பட்டது. ஆயினும் அன்று மீட்கப்பட்ட 78018-ஆம் இலக்க எஞ்சின் அழியாது காக்கப்பட்டிருக்கின்றது. 1963-இல் ஜெஃப்ரி ஜோன்ஸ் என்பார் 'ஸ்னோ' என்று எட்டு நிமிடப் படமொன்று செய்தார். அதில் வருணனைக் குரலே கிடையாது. வெளியே பனிக்காற்றிற் பாதையைத் துப்புரவு செய்யும் கூலியாளும், உள்ளே வெதுவெதுப்பான பெட்டியில் உணவருந்தும் பிரயாணியும் மாறிமாறித் தோன்றுவர். வண்டியின் வேகத்தோடு இசையின் வேகமும் ஏறிக்கொண்டே செல்லும். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதைப் பார்ப்பவரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

உண்மையைக் காட்டுதற்கு எவ்வளவு தூரம் ஏற்பாடு செய்யலாம் என்னும் கேள்வி 1961-இல் வேறுவிதமாக எழுந்தது. ஜான் ஷ்லெஸிஞ்சர் இயக்கிய 'டெர்மினஸ்', லண்டன் வாட்டர்லூ நிலையத்தின் ஒருநாள் வாழ்க்கையைக் காட்டுவது; வெனிஸ் நகரத்துப் படவிழாவிற் பரிசு பெற்றது. அதில் தாயைப் பிரிந்த சிறுவன் ஒருவன் கூட்டத்தின் நடுவே அழுதுகொண்டு நிற்கின்றான். அவன் வேண்டுமென்றே அவ்வாறு தனித்து விடப்பட்டான் என்பது பின்னர்த் தெரியவந்தது. அவனுடைய தாய் இதற்கு உடன்பட்டிருந்தாள். சிறுவனுக்குமட்டும் ஒன்றும் தெரியாது. தபால் ஊழியர் உடம்பை அசைத்தது தாம் அறிந்து செய்தது. இப்பிள்ளையின் கண்ணீரோ அறியாமற் பறிக்கப்பட்டது. கலைஞர்கள் எம்மை மன்னிப்பாராக, அக்காட்சியை யாம் விரும்பவில்லை.

இனி, தொழிலாளருக்கே உரிய பயிற்சிப் படங்களைப்பற்றிச் சிறிது கூறுவோம். பொதுமக்கள் காணாத இவையே இத்தொழிலுக்கு மிகுந்த பயன் விளைத்தன என்பது எமது துணிபு. வண்டிகளை இணைக்கும்போது கால் எங்கே இருத்தல் வேண்டும், பாரத்தை எப்புறம் ஏற்றினால் லாரி வளைவிற் சாயும், கயிறும் பட்டையும் எங்கே இறுக்கப்படவேண்டும் என்பனவற்றை எழுத்தில் விளக்கின் பக்கங்கள் பல வேண்டும். படித்தவனுக்கும் மயக்கமே எஞ்சும். ஒரு நிமிடப் படம் அதனைத் தெளிவாக்கும். இந்நாளிற் கப்பலிலும் பண்டசாலையிலும் பல தேசத்தார், பல மொழியினர் ஒருங்கே வேலைசெய்கின்றனராதலின், பேச்சின்றிச் செய்கையாலேயே விளங்கும் சிறு படங்களுக்கு மதிப்பு மிகுந்துள்ளது. முன்னே பெருஞ்செலவும் பெருங்குழுவும் வேண்டிய காரியத்தை இன்று சட்டைப்பையிலிருக்கும் தொலைபேசி செய்துவிடுகின்றது. எனினும் ஒன்று மாறவில்லை: அவ்வேலையைத் தானே செய்து தேர்ந்தவன் பார்த்து ஒப்பாத படத்தைப் பிறர்க்குக் காட்டலாகாது. பாடம் கற்பிப்போன் பின்னே தலைக்கவசமின்றி ஒருவன் நடந்து சென்றால், பார்ப்பவன் கற்பது அந்தப் பின்னாளையே.

இறுதியாக, தொழிலாளரும் அல்லாது பிரயாணிகளும் அல்லாத ஒரு கூட்டத்தார்க்கென எடுக்கப்பட்ட படத்தைக் குறிப்பிடவேண்டும். இருப்புப்பாதையருகே விளையாடும் சிறுவரே அக்கூட்டத்தார். வேலியை உடைத்தல், ஓடும் வண்டியின்மேற் கல்லெறிதல், வண்டி வருமுன் பாதையைக் குறுக்கே கடந்தோடுதல் முதலிய தீச்செயல்களைத் தடுக்கவேண்டி 1977-இல் ஜான் க்ரிஷ் என்பார் 'த ஃபினிஷிங் லைன்' என்னும் இருபது நிமிடப் படத்தை எடுத்தார். இந்த க்ரிஷ் முன்னர் ஒருமுறை அப்பகுதியினின்று விலக்கப்பட்டவர். 1952-இல் லண்டன் டிராம் வண்டிகள் முடிவெய்தியபோது, விழாவைமட்டும் பதிவுசெய்க என்ற கட்டளையை மீறி, பிரிவாற்றாமை தோன்ற ஒரு படத்தைச் செய்து முடித்தமையே அதற்குக் காரணம். அப்படம் பின்பு மக்களாற் பெரிதும் விரும்பப்பட்டது.

புதிய படத்தின் அமைப்பு விபரீதமானது. பாலச்சுவரின்மேல் அமர்ந்த சிறுவன் ஒருவன், பாதையில் விளையாடலாகாது என்னும் தலைமையாசிரியரின் எச்சரிக்கையை நினைத்துக்கொண்டே ஒரு காட்சியைக் கற்பனை செய்கின்றான். பள்ளிக்கூட விளையாட்டு விழா இருப்புப்பாதையிலேயே நடைபெறுகின்றது. பாண்டு வாத்தியம் முழங்குகின்றது, பெற்றோர் கைதட்டுகின்றனர், ஆசிரியர்கள் பந்தயங்களை முறையே அறிவிக்கின்றனர். வேலியுடைக்கும் பந்தயம், கல்லெறிப் பந்தயம், கடைசியாய்க் கடப்போர் பந்தயம், பின்பு சுரங்கத்தினூடே நடக்கும் பந்தயம். ஒவ்வொரு பந்தயத்தின் பின்னும் காயமுற்றோரும் இறந்தோரும் மிகுகின்றனர். ஈற்றில் பிள்ளைகளின் உடல்களைப் பெரியவர்கள் சுமந்துவந்து தண்டவாளத்தின்மேல் வரிசையாகக் கிடத்துகின்றனர். ஒருவரும் குரலெழுப்பி அழுவதில்லை.

எட்டு வயது முதற் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே இப்படம் காட்டப்பட்டது. கண்டித்தோரும் பலர், இஃதன்றி வேறெதுவும் அவர்கள் உள்ளத்திற் பதியாது என்றாரும் பலர். தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டபின் எதிர்ப்பு வலுத்தது. இருதிறத்தார் சொல்லிலும் நியாயம் இருக்கின்றது. பிள்ளைகளின் உறக்கத்தைக் கெடுத்தல் எளிய காரியமன்று. பிள்ளையைப் பாதையினின்று பொறுக்கியெடுக்கும் ரெயில்வே ஊழியனின் உறக்கமோ என்றைக்குமே திரும்புவதில்லை. யாம் அக்குழுவில் இருந்திருப்பின், படத்தை ஆசிரியர் ஒருவர் உடனிருந்து, பின்னர்ப் பிள்ளைகளோடு பேசும் இடங்களில்மட்டும் காட்டச் சொல்லியிருப்போம். அவர்களோ 1979-இல் அதனை முற்றும் விலக்கிக்கொண்டனர். அதற்கு ஈடாக அவ்வாண்டிலேயே 'ராபி' என்னும் படம் வந்தது. அதில் விழா இல்லை, பாண்டு வாத்தியம் இல்லை. பாதையில் விளையாடப்போன ஒரு சிறுவன் தன் பாதங்களை இழக்கின்றான்.