கணிப்பொறிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே ஒரு கேபிள்

கணிப்பொறியின் சிறு திரைக்கு முன் வீட்டார் நால்வர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு திரைப்படம் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். கூடத்திலோ பெரிய தொலைக்காட்சிப் பெட்டி சும்மா இருக்கும். இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டால் எல்லோரும் வசதியாகப் பார்க்கலாம். அந்தக் கேபிளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போமா?

தொலைக்காட்சியைக் கணிப்பொறியின் திரையாக்குவது புதிய எண்ணம் அன்று. 1982-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணிப்பொறிக்குத் தனித் திரையே கிடையாது. அது தன் படத்தை ஒரு வானொலி அலையின்மீது ஏற்றி, ஆன்டெனா துளை வழியாகத் தொலைக்காட்சிக்கு அனுப்பியது. அதாவது, ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமாக வேலை செய்தது! அதன் படத்தில் அகலவாக்கில் 256, உயரவாக்கில் 192, ஆக 49,152 புள்ளிகளே இருந்தன.

1987-ல் ஐ.பி.எம். நிறுவனம் வி.ஜி.ஏ. என்னும் இணைப்பைக் கொண்டுவந்தது. இதில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் தனித்தனிக் கம்பிகளில் சென்றன. மின்னழுத்தம் கூடினால் நிறம் பொலியும், குறைந்தால் மங்கும். ஆகவே வழியில் மின்னழுத்தம் சிறிது மாறினாலும் படம் கெடும். மேலும், இந்தக் கேபிளில் ஒலி செல்லாது. ஒலிக்கு வேறு கம்பி வேண்டும்.

எச்.டி.எம்.ஐ. என்ற இணைப்பின் முதல் விதிமுறை 2002-ல் வெளிவந்தது. இதில் படம் எண்களாகச் செல்கிறது. ஒலியும் உடன் செல்கிறது. 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உண்டு. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 24 பிட்டுகள் தேவை. திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. இவற்றைப் பெருக்கிப் பாருங்கள். ஒரு வினாடியில் ஏறத்தாழ 299 கோடி பிட்டுகள்!

இவ்வளவு வேகமாகச் செல்லும் எண்கள் கெடாமல் போய்ச் சேருவது எப்படி? ஒவ்வொரு மின்சைகைக்கும் இரண்டு கம்பிகள் உள்ளன. ஒன்றில் மின்னழுத்தம் உயரும்போது மற்றதில் அது தாழும். தொலைக்காட்சி இரண்டின் வேறுபாட்டை மட்டுமே கவனிக்கிறது. ஒரு கம்பியில் 5, மற்றதில் 3 என்று கொள்வோம், வேறுபாடு 2. பக்கத்தில் மிக்சி ஓடுவதால் இரண்டிலும் 1 கூடிவிட்டால் 6, 4 என்றாகும். வேறுபாடு அப்போதும் 2 தானே! இரைச்சல் கழித்தலில் மறைந்துவிடுகிறது.

“விலை உயர்ந்த கேபிள் வாங்கினால் நிறம் இன்னும் அழகாக இருக்கும்” என்று சிலர் சொல்வார்கள். இது சரியா? பிட் என்பது 0 அல்லது 1. அது சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் படம் கணிப்பொறி அனுப்பியபடியே இருக்கும். அதற்குமேல் அழகு கூட வழியில்லை. கேபிள் பழுதாக இருந்தால் திரையில் மின்மினிபோல் புள்ளிகள் தோன்றும், அல்லது படமே வராது. கேபிள் மிக நீளமாக இருந்தால் மட்டும் நல்ல தரமானதைத் தேட வேண்டும்.

கேபிளைச் செருகியதும் ஓர் உரையாடல் நடக்கிறது. கணிப்பொறி 5 வோல்ட் மின்னழுத்தத்தை அனுப்புகிறது. தொலைக்காட்சி, “நான் இருக்கிறேன்” என்று ஒரு சைகையைத் திருப்புகிறது. பின்னர் கணிப்பொறி, தொலைக்காட்சியின் சிறு நினைவகத்திலிருந்து அதன் திரை அளவையும் ஏற்கக்கூடிய வேகங்களையும் படித்துக்கொள்கிறது. இத்தனைக்குப் பிறகும் படம் தொலைக்காட்சியிலும் ஒலி கணிப்பொறியிலும் வந்தால் அஞ்ச வேண்டாம். ஒலி எங்கே செல்ல வேண்டும் என்பதைக் கணிப்பொறியின் அமைப்பில் தேர்ந்தெடுத்தால் போதும்.

இன்னொரு புதிரும் உண்டு. திரைப்படம் வழக்கமாக வினாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. திரையோ 60 முறை புதுப்பிக்கிறது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் 2½. ஒரு படத்தை இரண்டரை முறை காட்ட முடியுமா? முடியாது. எனவே ஒரு படம் 2 முறை, அடுத்தது 3 முறை என்று மாறி மாறிக் காட்டப்படுகிறது. காமிரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் படம் இலேசாகத் தத்திச் செல்வதற்கு இதுவே காரணம்.

உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இதைச் சோதித்துப் பாருங்கள். படத்தின் முடிவில் பெயர்கள் மேலே நகரும் பகுதியை முதலில் 60 என்ற வேகத்தில் பாருங்கள். பிறகு, தொலைக்காட்சி ஏற்குமானால், கணிப்பொறியின் அமைப்பில் 24-ஐத் தேர்ந்து மீண்டும் பாருங்கள். எழுத்துகளின் நடையில் வேறுபாடு தெரிகிறதா? தெரிந்தால், ஒரு வகுத்தல் கணக்கின் மீதியைக் கண்ணாலேயே கண்டவர் நீங்கள்!