பாட்டு பிறந்த கதை – 12: குழாய் தேடிய மனிதர்

போன வாரம், பிங் க்ராஸ்பி பாடிய 'வொயிட் கிறிஸ்மஸ்' பாட்டின் மாஸ்டர் தட்டு தேய்ந்துபோய், 1947இல் அதை மறுபடியும் பதிவு செய்த கதையைச் சொன்னேன்.  இந்த வாரம் ஆஸ்திரியாவில் ஒரு கிடாரோடு பிறந்த 'சைலண்ட் நைட்' பாட்டு என்று சொல்லியிருந்தேன். குறிப்பெல்லாம் மேஜைமேல் தயாராக இருக்கிறது. நடுவில் அமெரிக்க இசையமைப்பாளர் லெராய் ஆண்டர்சன் வந்து உட்கார்ந்துகொண்டார்.

டிசம்பர் வந்தால் நான் அதிகம் கேட்பது அவருடைய 'ஸ்லே ரைட்'. மூன்று நிமிஷ வாத்திய இசை. குதிரை பூட்டிய சறுக்கு வண்டி பனியில் ஓடுகிறது, அவ்வளவுதான் கதை. குளம்புச் சத்தத்துக்கு, உள்ளே குடைந்த மரக்கட்டைகள். சாட்டைக்குத் தோல் வாரெல்லாம் கிடையாது. கீல் வைத்த இரண்டு மரப்பட்டைகளைத் தாளக்காரர் படாரென்று சேர்த்து அடிப்பார். முடியப்போகும் நேரத்தில் குதிரை கனைக்கும். அது டிரம்பெட். வால்வைப் பாதி மட்டும் அழுத்தி, ஊதிக்கொண்டே சுருதியைச் சரியவிடுகிற வித்தை. கச்சேரியில் அந்த இடத்துக்காகவே குழந்தைகள் காத்திருப்பார்கள். பெரியவர்களும்தான், காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

இந்தப் பனி எங்கே பெய்தது என்று தேடப் போனதுதான் வினை. 1946 ஜூலை. கனெக்டிகட் மாநிலத்தில் உட்பரி என்கிற ஊர். வெயில் கொளுத்துகிறது, மழையைக் காணோம். ராணுவ வேலையை முடித்துவிட்டு மனைவி, சின்ன மகளோடு வந்திருக்கும் ஆண்டர்சன், ஊற்றிலிருந்து வரும் பழைய தண்ணீர்க் குழாய் எங்கே புதைந்து கிடக்கிறது என்று பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கிறார். கையில் மண்வெட்டி, முதுகெல்லாம் வியர்வை. அந்த நாட்களில்தான் பனி வண்டி அவர் மனசுக்குள் ஓட ஆரம்பித்தது. இதைச் சொன்னது அவர் மனைவி.

இதில் ஒரு கிளைக்கதை. போர்க்காலத்தில் ஆண்டர்சன் ஐஸ்லாந்தில் ராணுவ உளவுப் பிரிவில் இருந்தவர். ஸ்காண்டிநேவிய மொழிகளில் கெட்டிக்காரர். சிப்பாய்களுக்காக ஐஸ்லாந்து மொழிக்கு ஓர் இலக்கணப் புத்தகமே எழுதினார். அசல் பனியை அங்கே பார்த்தாயிற்று. ஆனால் அங்கே வந்தது இலக்கணம், வண்டி வரவில்லை. வண்டிக்கு வறட்சி வேண்டியிருந்தது.

வெயிலில் உட்கார்ந்து குளிரை இசையாக்கியது ஆண்டர்சன் மட்டும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1945 ஜூலை, கலிஃபோர்னியா. மெல் டோர்மே என்ற 19 வயதுப் பையன், கூட்டாளி பாப் வெல்ஸின் வீட்டுக்குப் பாட்டு வேலைக்காகப் போகிறான். பியானோமேல் ஒரு நோட்டு. அதில் பென்சிலால் நாலு வரி, எல்லாம் குளிர்காலச் சமாச்சாரம். என்ன இது என்றால், வெக்கை தாங்கவில்லை, குளிரைப் பற்றி எழுதினாலாவது உடம்பு குளிருமா என்று பார்த்தேன் என்கிறார் வெல்ஸ். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துபோன அந்தப் பாட்டுதான் 'தி கிறிஸ்மஸ் சாங்'. பாடகர் நாட் கிங் கோலின் குரலில் அதை உலகமே கேட்டுவிட்டது. அதே ஜூலை, அதே கலிஃபோர்னியா வெயில்: பாடலாசிரியர் சாமி கான் கடற்கரைக்குப் போகலாம் என்கிறார், இசையமைப்பாளர் ஜூல் ஸ்டைன் வேண்டாம், குளிர்காலப் பாட்டு ஒன்று எழுதுவோம் என்கிறார். அப்படிப் பிறந்ததுதான் 'லெட் இட் ஸ்னோ'.

பண்டிகைச் சரக்கை முன்கூட்டியே தயாரிப்பது தொழில் வழக்கம்தானே என்று கேட்கலாம். வாஸ்தவம். 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' என்ற பாட்டு 1984 ஆகஸ்டில் பதிவானது. மனநிலை வரட்டும் என்று ஸ்டூடியோவுக்குள் கிறிஸ்மஸ் தோரணம் கட்டித் தொங்கவிட்டார்கள். தீபாவளி மலருக்கு ஆடி மாதமே கதை கேட்டு ஆசிரியர் போன் பண்ணுவார். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எண்ணெய்க் குளியல், லேகியம் என்று நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது சன்மானத்துக்கு. பள்ளம் தோண்டிய மனிதரை யாரும் அவசரப்படுத்தியதாகத் தெரியவில்லை. மெதுவாக எழுதி 1948 பிப்ரவரியில்தான் முடித்தார். பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழு அதை முதலில் வாசித்தது மே மாதம்! கோடை வாசலில் நிற்கும்போது பனி வண்டியை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு தேதிக்காகவே இவரைப் பற்றி இரண்டு வாரம் எழுதலாம். பத்திரிகையில் விடமாட்டார்கள்.

1950இல் பாடலாசிரியர் மிட்செல் பாரிஷ் 'ஸ்லே ரைட்'டுக்கு வரிகள் எழுதினார். அதில் கிறிஸ்மஸ் என்ற பேச்சே கிடையாது. வருவது ஒரு பிறந்தநாள் விருந்து. 'லெட் இட் ஸ்னோ'விலும் அப்படித்தான், பனியும் அடுப்பும் காதலும் மட்டும். அமெரிக்கக் கடைக்காரர்கள் இரண்டையும் டிசம்பருக்கு எழுதி வைத்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ இவை மே மாதத்துப் பாட்டுகள். மின்சாரம் போன மத்தியானத்தில் 'ஸ்லே ரைட்' போட்டுப் பாருங்கள், போனில் சார்ஜ் இருந்தால்.

'சைலண்ட் நைட்' பிறந்த ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப், 1818 டிசம்பர் 24, கிடாரோடு நின்ற இளம் பாதிரியார், தேவாலய ஆர்கனை எலி கடித்தது நிஜமா இல்லையா: எல்லாம் அடுத்த வாரம். அச்சகத்திலிருந்து ஆள் வந்து நிற்கிறார்.