ஒரே அனுமதிப்பத்திரம், வெவ்வேறு ஊதியம்

விமானி என்றதும் எமது பிள்ளைகளின் மனக்கண்ணில் தோன்றுவது, தோளில் நான்கு பொற்கோடுகளுடன் பெரும் பயணிகள் விமானமொன்றின் அருகே நிற்கும் தலைமை விமானியின் தோற்றமே. ஆனால் இந்நாட்டில் விமானம் ஓட்டிப் பிழைப்போரில் ஏராளமானோர் அத்தகைய விமானங்களில் பணிபுரிபவர்கள் அல்லர். கேட்பவருக்கு, கேட்ட நேரத்தில், கேட்ட இடத்திற்குப் பறக்கும் வாடகை விமானங்களை ஒரு சாரார் ஓட்டுகின்றனர். பெரிய வர்த்தக நிறுவனங்கள் தம் அதிகாரிகளுக்கென வைத்திருக்கும் சொந்த விமானங்களை வேறொரு சாரார் ஓட்டுகின்றனர். முன்னையோரை வாடகை விமானிகள் என்றும் பின்னையோரை நிறுவன விமானிகள் என்றும் இக்கட்டுரையில் அழைப்போம்.

இவ்விரு தொழில்களிலும் கிடைக்கும் ஊதியம் இடத்துக்கிடம் பெரிதும் வேறுபடுகின்றது. ஒரே பயிற்சியையும் ஒரே அனுமதிப்பத்திரத்தையும் உடைய இருவர் ஏன் வெவ்வேறு ஊதியம் பெறுகின்றனர்? இத்தொழிலை நாடும் மாணவர்களும், அவர்களின் பயிற்சிக்காகக் கடன்படத் துணியும் பெற்றோரும் இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

மணித்தியாலங்களே முதலீடு

கனடாவில் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெற 200 மணித்தியாலப் பறப்பு அனுபவம் வேண்டும். பெரிய விமானங்களின் தலைமை விமானியாவதற்குத் தேவையான உயர்நிலை அனுமதிப்பத்திரத்திற்கு 1500 மணித்தியாலங்கள் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 1300 மணித்தியாலங்களை எங்கே, எவ்வாறு சேர்ப்பது என்பதே இளம் விமானியின் முதற் பிரச்சினையாகும்.

சிலர் பயிற்றுநராகின்றனர். வேறு சிலர் வடக்கு நோக்கிச் சென்று வாடகை விமான நிறுவனங்களில் சேருகின்றனர். அங்கும் எடுத்தவுடன் விமானத்தில் அமர இடம் கிடைப்பது அரிது. முதற் சில மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேலாக, பொதி ஏற்றுதல், எரிபொருள் நிரப்புதல், இறக்கைகளிற் படிந்த பனியை அகற்றுதல் ஆகிய தரைப்பணிகளைச் செய்தபின்னரே பறக்கும் வாய்ப்பு வரும். வேலை தேடுவோர் மணித்தியாலங்களுக்காகவே வருவதால், தொடக்க ஊதியத்தை உயர்த்த வேண்டிய நெருக்கடி நிறுவனங்களுக்குக் குறைவு. தொடக்கநிலை வாடகை விமானியின் சம்பளம் தாழ்ந்திருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

வடக்கின் நிலை

நுனாவுட் பிரதேசத்தில் 25 குடியிருப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்றையேனும் தென்கனடாவுடன் இணைக்கும் வீதி இல்லை. எமது ஒன்ராறியோ மாகாணத்தின் வட பகுதியிலும் பல முதற்குடி மக்களின் ஊர்களுக்கு, குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின்மேல் அமையும் பனிவீதியைத் தவிர, விமானமே வழி. மருந்தும் பாலும், ஆசிரியரும் நோயாளியும் விமானத்திலேயே சென்று வருகின்றனர். ரொறொன்ரோவின் டவுன்ஸ்வியூவில் உருவாக்கப்பட்டு 1947 இல் முதன்முதற் பறந்த பீவர் விமானமும், 1965 இல் பறந்த ருவின் ஒட்டர் விமானமும் குறுகிய சரளைக்கல் ஓடுபாதைகளிலும், நீரிலும், பனியிலும் இறங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை.

இப்பகுதிகளில் ஊதியம் பல உறுப்புகளைக் கொண்டது. அடிப்படைச் சம்பளம் ஒன்று. பறந்த மைலுக்கோ மணித்தியாலத்துக்கோ ஏற்பச் சேரும் தொகை மற்றொன்று. இவற்றுடன் வெளியூரில் தங்கும் நாட்களுக்கான உணவுப்படி, நிறுவனம் குறைந்த வாடகைக்கு அளிக்கும் தங்குமிடம் ஆகியனவும் சேரலாம். சில நிறுவனங்களில் விமானிகள் இரு வாரம் வடக்கிற் பணிபுரிந்து, இரு வாரம் தெற்கிலுள்ள தம் வீடுகளுக்குத் திரும்புகின்றனர். அவ்வாறாயின் போக்குவரத்துச் செலவை ஏற்பவர் யார் என்பதும் ஊதியத்தின் ஒரு பகுதியே.

வருமான வரியிலும் வேறுபாடு உண்டு. நுனாவுட், யூக்கொன், வடமேற்குப் பிரதேசங்கள் ஆகியவற்றில் தொடர்ந்து ஆறு மாதங்களேனும் வாழ்பவர், நாளொன்றுக்கு 11 டொலரைத் தம் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அங்கே சொந்தமாக வீடு நடத்தி, அவ்வீட்டில் வேறெவரும் இச்சலுகையைக் கோராதவிடத்து, இத்தொகை 22 டொலராகும். ஆயின் ரொறொன்ரோவில் வாழ்ந்துகொண்டு இரு வாரத்துக்கொருமுறை வடக்கிற்குச் சென்று வருபவருக்குப் பொதுவாக இச்சலுகை கிட்டாது.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு

கற்பனையான இருவரை எடுத்துக்கொள்வோம். தெற்கிலுள்ள பெருநகரில் ஒரு விமானிக்கு ஆண்டுச் சம்பளம் 60,000 டொலர். மாத வீட்டு வாடகை 2,000 டொலர். வடக்கிலுள்ள மற்றொருவருக்குச் சம்பளம் 52,000 டொலர். நிறுவனத்தின் தங்குமிடத்திற்கு மாதம் 500 டொலர் செலுத்துகின்றார். வாடகை போக எஞ்சுவது முதலாமவருக்கு 36,000, இரண்டாமவருக்கு 46,000. சம்பளம் குறைந்தவரின் கையில் 10,000 டொலர் கூடுதலாக நிற்கின்றது.

ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. வடக்கில் உணவுப் பொருட்களின் விலை மிக அதிகம். வீட்டிற்கு வந்துபோகும் விமானக் கட்டணமும் உண்டு. இவற்றையும் சேர்த்தால் எவர் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதை மாணவர்கள் தாமே எழுதிப் பார்க்கலாம். சம்பளம் என்பது ஒரு தொகையன்று, அது ஒரு கழித்தற் கணக்கு என்பதே இதிலிருந்து நாம் கற்பது.

எண்ணெயும் நிறுவன விமானமும்

நிறுவன விமானிக்குப் பொதுவாக நிலையான மாதச் சம்பளம் கிடைக்கின்றது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் அது மாறுவதில்லை. அதற்கு ஈடாக, எந்நேரமும் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். பிள்ளையின் பிறந்தநாளன்று மாலையில் அழைப்பு வந்தாலும் புறப்பட்டேயாக வேண்டும். விமானத்தின் பருமனும் வேகமும் கூடக்கூடச் சம்பளமும் கூடுகின்றது.

இவ்வேலைகள் நாடெங்கும் பரந்து கிடப்பவையல்ல. தலைமை அலுவலகங்கள் நிறைந்த ரொறொன்ரோ, மொன்றியல், கல்கரி ஆகிய நகரங்களைச் சுற்றியே அமைகின்றன. அந்நகரின் தொழில் தளர்ந்தால் விமானியின் நிலையும் தளரும். கல்கரியின் வாழ்வு எண்ணெயோடு பிணைந்தது. 2014 ஆம் ஆண்டின் நடுவில் 100 டொலருக்கு மேலிருந்த ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை, 2016 இன் தொடக்கத்தில் 30 டொலருக்குக் கீழே வீழ்ந்தது. செலவைக் குறைக்கும் நிறுவனத்திற்குச் சொந்த விமானம் எளிதிற் கைவிடக்கூடிய ஆடம்பரமாகவே தோன்றும். உயர்ந்த சம்பளம் எப்பொழுதும் உறுதியான சம்பளமாக அமைவதில்லை.

எல்லைக்கு அப்பால்

அமெரிக்காவில் ஊதியம் உயர்வு என்று நாம் அடிக்கடி கேள்விப்படுகின்றோம். அந்நாட்டுத் தொழிற் புள்ளிவிபரப் பணியகத்தின்படி, 2023 மே மாதத்தில் பயணிகள் சேவை நிறுவனங்களின் விமானிகளது ஆண்டு ஊதியத்தின் இடையம் 219,140 அமெரிக்க டொலர். வாடகைப் பறப்பு, பயிர்களுக்கு மருந்து தெளித்தல் போன்றவற்றில் ஈடுபடும் ஏனைய வர்த்தக விமானிகளது இடையம் 113,080 டொலர். இடையம் என்பது, பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் கீழும் பெறுகின்றனர் என்பதைக் காட்டும் எண்ணாகும். ஆகவே தொடங்குபவர் அத்தொகையை எதிர்பார்த்தல் தவறு.

அந்நாட்டினுள்ளும் வேறுபாடு உண்டு. நியூயோர்க் மாநகருக்கு அருகிலுள்ள ரெற்றபரோ விமான நிலையமும், லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வான் நைஸ் விமான நிலையமும் தனியார் ஜெற் விமானங்களுக்குப் பெயர் பெற்றவை. அங்கே ஊதியத்தோடு வீட்டு வாடகையும் உயர்கின்றது. ரெக்சஸ், புளோரிடா மாநிலங்களிலோ சம்பளத்தின்மீது மாநில வருமான வரியே இல்லை.

எனினும் கனடியக் குடியுரிமை மட்டும் உடையவர் நினைத்தவுடன் அங்கு வேலைக்குச் செல்ல இயலாது. வட அமெரிக்க வர்த்தக உடன்படிக்கையின்கீழ் எளிதில் வேலை அனுமதி பெறக்கூடிய தொழில்களின் பட்டியலில் விமானி இடம்பெறவில்லை.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் சம்பளத்தின்மீது வருமான வரி இல்லை. வீட்டுக் கொடுப்பனவும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் பல ஒப்பந்தங்களில் அடங்கும். ஆனால் அங்கு வதியும் உரிமை வேலையோடு பிணைந்தது. வேலை போனால் நாட்டை விட்டு வெளியேற நேரிடலாம். மேலும், மனைவி அல்லது கணவரையும் பிள்ளைகளையும் வீட்டையும் கனடாவில் வைத்துவிட்டுச் செல்பவரைக் கனடிய வரித் திணைக்களம் இந்நாட்டில் வதிபவராகவே கருதி, அங்கு ஈட்டிய வருமானத்திற்கும் வரி கேட்கக்கூடும்.

ஊதியமும் உயிரும்

ரொறொன்ரோவிலிருந்து சில மணி நேரத்திற் காரிற் சென்றடையக்கூடிய பவலோ நகருக்கு அருகே, 2009 பெப்ரவரி 12 இரவு, கொல்கன் எயர் நிறுவனத்தின் விமானம் ஒன்று வீழ்ந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் தரையிலிருந்த ஒருவரும் மாண்டனர். விமானத்தின் வேகம் ஆபத்தான அளவு குறைந்தபோது தலைமை விமானி தவறான முறையிற் செயற்பட்டமையே விபத்தின் காரணமென விசாரணையாளர் முடிவு செய்தனர். ஆயினும் அவ்விசாரணை வேறொன்றையும் வெளிக்கொணர்ந்தது. குறைந்த ஊதியம் பெற்ற துணை விமானி, நாட்டின் மேற்குக் கரையிலுள்ள சியாற்றில் பகுதியிலிருந்து முன்னைய இரவு முழுவதும் பயணம் செய்து, கிழக்குக் கரையிலுள்ள தம் பணித்தளத்திற்கு வந்திருந்தார்.

இவ்விபத்தின் பின் 2010 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2013 முதல் அமெரிக்கப் பயணிகள் சேவைகளின் துணை விமானிகளுக்கும் பொதுவாக 1500 மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. அனுபவம் மிக்க விமானிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பெரிய நிறுவனங்கள் வாடகைச் சேவைகளிலிருந்தே அவர்களை ஈர்த்தன. அவர்களைத் தக்கவைக்க வாடகைச் சேவைகளும் ஊதியத்தை உயர்த்த நேர்ந்தது.

கனடாவிலும் பாடங்கள் உள. எமது போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, சிறு வாடகை விமானச் சேவைகளை ஆராய்ந்து 2019 இல் வெளியிட்ட அறிக்கையில், பாதுகாப்பற்ற நடைமுறைகளை வழமையென ஏற்றுக்கொள்வதும், ஆபத்துகளைப் போதியளவு கையாளாமையும் விபத்துகளின் அடிப்படைகள் எனச் சுட்டிக்காட்டியது. மைலுக்குப் பணம் பெறும் இளைஞன், மூடுபனியைக் கண்டு பறக்க மறுத்தால் அன்றைய வருமானத்தை இழக்கின்றான். அத்தகைய ஊதிய முறை அவனது தீர்மானத்தின்மீது ஒரு பாரத்தை ஏற்றுகின்றது என்பதே எமது கருத்து. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையைக் கனடியத் தொழிற் சட்டம் அவனுக்கு அளித்துள்ளது. சிறு வாடகைச் சேவைகளின் விமானிகளுக்கும் 2022 டிசெம்பர் 12 முதல் கடுமையான பணிநேர வரம்புகள் நடைமுறையில் உள்ளன.

கேட்டறிய வேண்டியவை

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு முதல் வேலைக்கான கடிதம் வரும்போது, அதிலுள்ள பெரிய எண்ணை மட்டும் நோக்காதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பறப்பைப் பொறுத்தது எவ்வளவு? வானிலை காரணமாகப் பறக்காத நாளுக்கு ஊதியம் உண்டா? தங்குமிடமும் பயணச்செலவும் எவர் பொறுப்பு? குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சிச் செலவை நிறுவனம் ஏற்பின், எத்தனை ஆண்டு அங்கு பணிபுரிய வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும்? இவற்றைக் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடச் செய்யுங்கள். கனடிய அரசின் வேலை வங்கி, ஒவ்வொரு தொழிலுக்கும் பிரதேச வாரியாகக் குறைந்த, இடைப்பட்ட, உயர்ந்த ஊதியங்களை வெளியிடுகின்றது. அதனையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாணவர்களே, இத்தொழிலை நாடுவதற்குத் தயங்க வேண்டாம். வடக்கின் சிற்றூரில் மருந்துடன் வந்திறங்கும் விமானியின் பணி, எந்தப் பெரிய விமானத்தை ஓட்டுபவரின் பணிக்கும் குறைந்ததன்று. கணக்கை அறிந்து செல்லுங்கள். பறக்கக் கூடாத நாளில் பறக்க மாட்டேன் எனச் சொல்லும் துணிவையும் உடன் கொண்டு செல்லுங்கள். அத்துணிவு உள்ளவரை உங்கள் பயணிகளும், வீட்டில் காத்திருக்கும் உங்கள் பெற்றோரும் நிம்மதியாக இருப்பர்.