பூசைக்கு மறுநாள்

நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் யாழ்ப்பாணத்து வீடுகளிற் புத்தகங்களுக்கு ஓய்வு கிடைக்கின்றது. பள்ளிப் பிள்ளையின் கணக்குப் புத்தகம், தந்தையாரின் வரவு செலவுக் கொப்பி, பாட்டனார் நாள்தோறும் ஓதும் தேவாரத் திரட்டு, பேனை, பென்சில் யாவும் கலைமகள் படத்தின்முன் அடுக்கப்பெற்றுச் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. அவற்றை அன்று எவரும் தொடலாகாது. படிக்க வேண்டாமென்று பெரியோரே கட்டளையிடும் நாள் ஆண்டில் அஃது ஒன்றே. பிள்ளைகள் அக்கட்டளையை எத்துணை விருப்போடு தலைமேற்கொள்வர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், தொடக்கூடாதென்று விலக்கிய பின்னரே சில பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகத்தின்மேல் ஆசை பிறக்கின்றது!

விழாவின் சுவை அந்த மாலையோடு முடிவதன்று. மறுநாளாகிய விசயதசமியிலேதான் அது கனிகின்றது. காலையில் மீண்டுமொரு பூசை செய்து, அடுக்கிய புத்தகங்களை எடுத்து, ஆளுக்கு ஒரு பக்கமேனும் வாசித்தல் வழக்கம். முதல் நாள் வணங்கப்பட்ட பொருள் இன்று பயன்படும் பொருளாகின்றது. பூசையின் உட்கருத்து இந்த இரண்டாம் நாளிலேயே விளங்குகிறது எனலாம். வாசிக்கப்படாத நூலுக்குச் சந்தனம் இட்டு ஆவதென்ன?

ஏடு தொடக்குவதும் இந்நாளிலேதான். தாம்பாளத்திற் பச்சையரிசியைப் பரப்பி, ஆசிரியரோ குடும்பத்துப் பெரியவரோ குழந்தையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து அகரத்தை எழுதுவிப்பார். மஞ்சள் பூசிய பனையோலையில் எழுதப்பெற்ற நெடுங்கணக்கு குழந்தையின் கையிற் கொடுக்கப்படும். ஆசிரியருக்கு வெற்றிலை, பாக்கு, பழத்தோடு காணிக்கை உண்டு. அழாமல் எழுதும் குழந்தை அரிது. அரிசியை அள்ளி வாயிலிடும் குழந்தை அரிதன்று.

அதன்பின் உறவினர் வீடுகளுக்குப் பயணம். அம்மம்மா வீடு, அப்பம்மா வீடு, பெரியப்பா வீடு, மாமா வீடு என்று குழந்தை ஓலையோடு அழைத்துச் செல்லப்படுகிறது. காலில் விழுந்து வணங்கியதும், "எங்கே, ஒருக்கால் சொல்லு பார்ப்பம்" என்று கேட்பார்கள். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தின்பண்டம் கிடைக்கும். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த அவல், அவித்துத் தாளித்த கடலை, மோதகம், வடை ஆகியவை எவ்வீட்டிலும் இருக்கும். ஆவணி, புரட்டாதி மாதங்களிற் பனம்பழம் விழுமாதலால், களியைப் பிழிந்து மாவுஞ் சீனியுஞ் சேர்த்துப் பொரித்த பனங்காய்ப் பணியாரமுஞ் சில வீடுகளிற் காத்திருக்கும். மூத்த பிள்ளைகளுக்கு மற்றொரு பேறும் உண்டு. மாமா வீட்டு அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை இரவல் கேட்பதற்கு அதனினும் நல்ல நாள் வாய்க்காது. எழுத்தைத் தொடக்கும் நாளிற் புத்தகந் தர மறுக்க எவருக்குத்தான் மனம் வரும்?

இவ்வாறு ஆண்டுக்கொருமுறை நூல்களை வெளியே எடுத்துத் தூசி தட்டிப் பார்ப்பது, ஓலையேட்டுக் காலத்திலே பெருந் தேவையாய் இருந்தது. எடுத்துப் பாராத சுவடியைச் செல்லரிக்கும்; ஓலை முறியும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றியபோது, அழிந்துகொண்டிருந்த ஏடுகளின் நிலையைத் தம் பதிப்புரையில் மிகுந்த வேதனையோடு எடுத்துரைத்தார். அவருக்கு முன்னரே நல்லூர் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் பாடசாலை தொடங்கி, அடுத்த ஆண்டில் அச்சியந்திரமும் நிறுவிப் பாலபாடங்களைப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்தார். பூசையறையில் ஓலைக்கு அருகே அச்சுப் புத்தகம் இடம்பெற்றது அக்காலத்தில் வந்த மாற்றமாகும்.

வீட்டு அலுமாரிக்கு எட்டாத நூல்களை ஊருக்குப் பொதுவாக்கும் முயற்சி 1933இல் எழுந்தது. க. மு. செல்லப்பா தம் வீட்டிலேயே ஒரு நூல்நிலையத்தைத் தொடங்கினார். 1934இல் அது வாடகை அறைக்கு மாறியது. பின்னர் எழுப்பப்பெற்ற அழகிய கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. அதன் முன்றலிற் கலைமகள் சிலை வீற்றிருந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு அந்நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. நான்கு திங்களின் பின் நவராத்திரி வந்தது. வீட்டுப் புத்தகங்கள் வழக்கம்போல அடுக்கப்பட்டன. ஊரின் பொதுப் புத்தகங்களை அடுக்குவதற்குத்தான் வழியில்லை. 1995இன் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேறியபோது அலுமாரிகளும் பின்னே தங்கிவிட்டன. பூசைக்கு வைத்துப் பேணிய ஓலைகளும் தலைமுறைப் புத்தகங்களும் திரும்பிவந்த பலருக்குக் கிடைக்கவில்லை.

நூலகக் கட்டடம் மீள எழுப்பப்பெற்று இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வாசகருக்குத் திறக்கப்பட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வீடு வீடாகத் தேடிப் பெற்றுப் படியெடுத்து இணையத்தில் வைத்து வருகின்றது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பேரப்பிள்ளைகள் விசயதசமியன்று அம்மம்மாவைத் தொலைபேசித் திரையிற் கண்டு அகரம் எழுதிக் காட்டுகின்றனர். அவலை மட்டும் அத்திரையின் வழியே அனுப்ப முடிவதில்லை. அக்குறையை அறிந்த பாட்டிமார், கனடாவுக்குப் புறப்படுவோரின் பயணப் பெட்டியில், ஓர் அரிவரிப் புத்தகத்தின் அருகே பயற்றம் பணியாரப் பொதியொன்றையும் வைத்து அனுப்புகின்றனர்.